பலெர்மோ அரண்மனைகளில் தமிழில் ஒரு நடை: நிகழ்வு ஆய்வு

சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் 2023இல் தமிழர்களுக்காக மூன்று வழிகாட்டல் நடைகள் நடத்தினோம். முதலாவது பாதியில் நின்றது. இரண்டாவது சுமுகமாக முடிந்தது, ஆனால் முறைப்பாடு வந்தது. மூன்றாவதைப் பரவாயில்லை என்று சொல்லலாம். மூன்றிலும் மொழிபெயர்த்தவன் நான். முதல் இரண்டிலும் நடந்த பிழைகளில் பெரும்பங்கு என்னுடையது. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை விட்டிருக்கிறேன். இதில் முக்கியமாக வரும் அம்மாவுக்கு எழுதியதை வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே இதை வெளியே விடுகிறேன்.

பின்னணி

இலங்கைத் தமிழர் 1980களிலிருந்து பலெர்மோவில் இருக்கிறோம். முதலில் வந்தவர்களில் பலருக்குக் கிடைத்தது வீட்டு வேலை: துப்புரவு, சமையல், வயதுபோனவர்களைப் பார்த்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரீனோ மலை ஏறி சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவது இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கருக்கும் வழக்கம், சைவருக்கும் வழக்கம். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது அந்தப் புனிதையின் எலும்புகள் மலையில் கிடைத்ததும், நகரம் நோயிலிருந்து மீண்டதாக நம்பப்படுவதும் எங்கள் சனத்துக்கு மனப்பாடம். மலைக்கு வழி தெரியும், சந்தைக்கு வழி தெரியும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அரண்மனைகளுக்குள் மட்டும் போனதில்லை.

யோசனை வந்தது ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில். இங்கே பிறந்த ஒரு பையன் பள்ளிக்கூடச் சுற்றுலாவில், இன்று ஓவியக் காட்சிக்கூடமாக இருக்கிற அபதெல்லிஸ் அரண்மனைக்குப் போய் வந்து படங்களைக் காட்டினான். அவனுடைய தாய் அதற்குப் பக்கத்துத் தெருவில் 23 வருடமாக ஒரு வீட்டில் வேலை செய்கிறார். "அது ஆஸ்பத்திரி மாதிரி ஏதோ எண்டு நினைச்சிருந்தன்" என்றார். ஒரு சிறிய சங்கம் கொஞ்சம் பணம் ஒதுக்கியது. நாங்கள் இறங்கினோம்.

இத்தாலியில் அருங்காட்சியகத்துக்குள் ஒரு குழுவுக்கு விளக்கம் சொல்ல உரிமம் வேண்டும். ஆர்வம் இருக்கிறது என்பதற்காக யாரும் நின்று பேச முடியாது. ஆகவே பலெர்மோவில் பிறந்து வளர்ந்த உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் இத்தாலியனில் சொல்ல, நான் தமிழில் சொல்வது என்று ஏற்பாடு. என் தொழில் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் மொழிபெயர்ப்பது. வைத்தியர் சொல்வதில் ஒரு சொல்லையும் விடக்கூடாது, கூட்டவும் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பிறகு வரும்.

திட்டம் போட்ட விதம்

கிழமையை நாங்கள் தெரிவு செய்யவில்லை, வேலை தெரிவு செய்தது. வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியிருப்பவர்களுக்கு ஞாயிறும், வழக்கப்படி வியாழன் பிற்பகலும்தான் ஓய்வு. ஞாயிறு கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் போய்விடும் என்பதால் வியாழனைப் பிடித்தோம்.

பாதை காகிதத்தில் வடிவாக இருந்தது. மேலே நோர்மன் அரண்மனையில் தொடங்கி, பலெர்மோக்காரர் இன்றும் கஸ்ஸாரோ என்று அழைக்கிற நீண்ட நேர்த்தெருவால் கடல் பக்கம் இறங்கி, குவாத்ரோ காந்தி சந்தியில் கொஞ்சம் நின்று, மிர்தோ அரண்மனை, ஸ்தேரி அரண்மனை, கடைசியாக அபதெல்லிஸ். ஒரு பிற்பகலில் நான்கு அரண்மனை. வழிகாட்டி மூன்று போதும் என்றார். "வந்ததுதான் வந்தார்கள், எல்லாவற்றையும் பார்க்கட்டும்" என்றேன் நான். கலியாண வீட்டில் இலையை நிரப்புகிற புத்தி.

அறிவித்தல் தாளில் "அரசர் ருஜ்ஜெரோவின் அறை" என்று கொட்டை எழுத்தில் போட்டதும் நான்தான். நோர்மன் அரண்மனைதான் சிசிலிப் பிராந்திய சட்டமன்றத்தின் இருப்பிடம். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் சட்டமன்ற அலுவல் என்பதால் அரச அறைகள் பார்வையாளர்களுக்கு இல்லை. தாளை அச்சடித்துப் பங்கிட்ட பிறகே வழிகாட்டிக்குக் காட்டினேன். அவர் கிழமையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

முதல் நடை: மார்ச்

17 பேர் வந்தார்கள். மூத்தவருக்கு 71 வயது, இளையவருக்கு 22. பெண்கள் 12 பேர். பாதிப்பேர் கோயிலுக்குப் போவது போல உடுத்தி வந்திருந்தார்கள். அதற்கேற்ற செருப்பு.

அரச அறை இல்லை என்று சொன்னபோது பெரிதாக யாரும் முகம் சுளிக்கவில்லை. கீழே பலத்தீனா தேவாலயம் திறந்திருந்தது. இரண்டாம் ருஜ்ஜெரோ 1132இல் தொடங்கி 1140இல் அபிஷேகம் செய்வித்த அரண்மனைக் கோயில் அது. சுவரெல்லாம் பைசாந்தியப் பாணியில் பொன் மொசைக். மரக்கூரையோ இஸ்லாமியக் கைவேலை: தேன்கூட்டை மேலிருந்து தொங்கவிட்டது போல முகர்னஸ் அடுக்குகள், ஒவ்வொரு கண்ணறையிலும் சிறு சிறு ஓவியங்கள். இசைக்கலைஞர்கள், கிண்ணத்தோடு இருக்கிற மனிதர்கள் எல்லாம் அங்கே உண்டு என்று வழிகாட்டி சொன்னார். "கோயில் கூரையில குடிகாரரோ?" என்று ஒரு அண்ணை கேட்டார். சிரித்தார்கள். வழிகாட்டி சிரிப்பின் காரணம் கேட்டார். "பிறகு சொல்கிறேன்" என்றேன். சொல்லவேயில்லை.

வெளிச்சுவரில் பதித்த ஒரு கல்லின் முன்னால்தான் அன்றைய நல்ல பத்து நிமிடம். ருஜ்ஜெரோ 1142இல் ஒரு நீர்க்கடிகாரம் செய்வித்ததை அந்தக் கல் லத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழியில் சொல்கிறது. ஊரில் ஆசிரியராக இருந்த ஒருவர் முன்னால் வந்தார். "கொழும்பு மியூசியத்திலயும் இப்பிடி ஒரு கல்லு இருக்கு" என்றார். சீனத் தளபதி செங் ஹெ இலங்கையின் காலி நகரில் வைத்த கல், சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியது. 1409ஆம் ஆண்டுக்குரியது, 1911இல் காலியில் அகப்பட்டது என்று அவரே விளக்கினார். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது ஏதோ சொந்தக் கதை என்று பட்டிருக்கிறது. அவருக்குச் சொல்லியிருந்தால் அவர்தான் முதலில் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதற்குள் நேரம் ஓடிவிட்டது. கணக்கு எளிது. அவர் மூன்று நிமிடம் பேசினால் நான் நான்கு. "நோர்மன்" என்று அவர் ஒரு சொல்லில் தாண்டுகிற இடத்தில், வடக்கு பிரான்சிலிருந்து வந்து தீவைப் பிடித்தவர்கள் என்று நான் இரண்டு வசனம் சொல்லவேண்டும். இரண்டு மணித்தியால நடையைத் தமிழும் சேர்ந்து நாலரை மணித்தியாலமாக்கிவிடும். இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், இங்கே நிற்கிறார்கள்.

மிர்தோ அரண்மனைக்கு வந்தபோது கால் வலி பற்றிய பேச்சு தொடங்கியிருந்தது. ஆனால் உள்ளே போனதும் ஆட்கள் மாறிவிட்டார்கள். ஃபிலாஞ்சியேரி குடும்பத்தின் வீடு அது. கடைசி வாரிசு 1982இல் சிசிலிப் பிராந்தியத்துக்குக் கொடுத்துவிட்டார். தளபாடம், திரைச்சீலை, பீங்கான், கீழே குதிரைக்கொட்டிலும் வண்டிகளும் இருந்த இடத்தில் இருக்கின்றன. வழிகாட்டி குடும்ப வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்க, பெண்கள் கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடி விளக்கைப் பார்த்துத் தங்களுக்குள் கதைத்தார்கள்.

"இதை இறக்கித்தான் துடைக்க வேணும். எங்கட வீட்டம்மாவிட்டயும் கப்பி இருக்கு."

"ஏணி வைச்சா ஒரு நாளும் முடியாது. ஒவ்வொரு கண்ணாடியாக் கழட்டி, வினாகிரித் தண்ணியில போட்டு..."

சீன அறை என்று ஒரு சிறிய அறை. நிலத்துக்குத் தோல் பதித்திருக்கிறார்கள். ஒரு அக்கா குனிந்து பார்த்தார். "தோலில நிலமோ? தண்ணி பட்டா ஊதிப்போகுமே. இதை ஆர், எப்பிடித் துடைச்சது?" வழிகாட்டிக்கு அந்தக் கேள்வி போகவில்லை. நான் அடுத்த அறையின் ஓவியத்தை மொழிபெயர்க்கும் அவசரத்தில் இருந்தேன்.

சிறை அறைகளில்

ஸ்தேரி அரண்மனையை 1307இல் கியாரமொந்தே குடும்பம் கட்டத் தொடங்கியது. அந்த வம்சத்தின் கடைசித் தலைவர் அந்திரேயாவின் தலை 1392இல் அதே அரண்மனைக்கு முன்னால் வெட்டப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1782 வரை திருச்சபைக்கு மாறானவர்கள் என்று ஆட்களைப் பிடித்து விசாரித்த ஸ்பானிய மதவிசாரணை மன்றமும் அதன் சிறையும் அங்கே இருந்தன. இன்று பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் இருக்கிறது. மன்றம் ஒழிக்கப்பட்ட மறுவருடம் அரசப் பிரதிநிதி கராச்சியோலோ அதன் ஆவணங்களை எரிப்பித்தார். அதனால் கைதிகளைப் பற்றி மிஞ்சிய நேரடிச் சாட்சி சுவர்தான். கைதிகள் அதில் எழுதியதையும் வரைந்ததையும் 1906இல் நாட்டாரியல் அறிஞர் ஜுசெப்பே பித்ரே சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் கண்டெடுத்தார். புனிதர்கள், சிலுவை சுமக்கிற இயேசு, சிசிலியின் வரைபடம், செபங்கள், கவிதைகள். நிலத்து ஓட்டைச் சுரண்டி, கிடைத்த ஈரத்தில் குழைத்து எழுதியவை.

அந்த அறைகளுக்கு உள்ளக வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். எங்கள் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

கேள்வி கேட்ட முறைகள், விலங்குகள், ரக்கல்முத்தோவைச் சேர்ந்த தியெகோ லா மத்தீனா என்ற துறவி 1657இல் கையில் பூட்டிய இரும்பாலேயே விசாரணையாளரை அடித்துக் கொன்றதும், அடுத்த வருடம் உயிரோடு எரிக்கப்பட்டதும் என்று எல்லாவற்றையும் சொன்னார். நானும் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு சுவரில் ஒரு வரியைக் காட்டினார். "பச்சியென்சா, பானே, எ தெம்போ." அதையும் சொன்னேன்: பொறுமை, பாண், காலம்.

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா மெதுவாகக் கேட்டார். "பாண் எத்தினை மணிக்குக் குடுத்தவையாம்?"

வழிகாட்டிக்கான கேள்வி என்று நினைத்து, திரும்பி இத்தாலியனில் கேட்டேன். அவர் சாப்பாட்டு ஒழுங்கைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். பதிலோடு திரும்பியபோது அம்மா அங்கே இல்லை. வெளியே முற்றத்தில் படிக்கட்டில் இருந்தார், கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி. கூடப் போன பெண் என்னைக் கண்டதும் கண்ணால் தூரப் போகச் சொன்னார். தொண்ணூறுகளில் அந்த அம்மா சில மாதம் தடுப்புக்காவலில் இருந்தவர். எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த இடத்தில் எடுத்த முடிவு ஒன்றுதான்: நடையை நிறுத்துவது. அரண்மனைக்கு எதிரே பியாஸ்ஸா மரீனா பூங்காவில் ஒரு பிரமாண்டமான மரம் நிற்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஃபிகஸ் இனம், எங்கள் ஆலமரத்தின் உறவு, விழுதுகள் தூணாக இறங்கி நிற்கும். அங்கே கொண்டுபோய் இருத்தி, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தோம். யாரும் எதையும் விசாரிக்கவில்லை. அது எங்கள் சனத்திடம் அபூர்வம், குறித்து வைக்கிறேன். "எனக்கு ஒண்டுமில்லை. சனத்தைக் குழப்பிப்போட்டன்" என்று மட்டும் அவர் சொன்னார். அபதெல்லிஸைக் கைவிட்டோம். வேலைவீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் ஏற்கனவே போயிருந்தார்கள். அந்த மரத்தடியில் மிஞ்சியவர்கள் ஒன்பது பேர்.

அடுத்த கிழமை யோசித்தது

வழிகாட்டியும் நானும் ஒரு பிற்பகல் இருந்து கதைத்தோம். அவருக்கு என்னோடு இருந்த முதல் கோபம் சிறை அல்ல, சிரிப்பு. "அவர்கள் இத்தனை கேள்வி கேட்டார்கள், எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. நான் சுவரோடு பேசின மாதிரி இருந்தது." விளக்குக் கப்பி, தோல் நிலம், காலிக் கல், எல்லாவற்றையும் ஒரு கிழமை பிந்திச் சொன்னேன். அவர் குறிப்பெடுத்தார். தோல் நிலத்தை எப்படித் துடைத்தார்கள் என்று இருபது வருடத்தில் ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார்.

எடுத்த முடிவுகள் இவை. கிழமையை ஞாயிறுக்கு மாற்றுவது, மாத முதல் ஞாயிறானால் பிராந்திய அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு இடம் மட்டும், அதுவும் பக்கத்துப் பக்கத்தில். ஒவ்வொரு இடத்துக்கும் வழிகாட்டி என்ன சொல்லப்போகிறார் என்பதை முன்கூட்டியே எனக்குத் தந்துவிடுவது. நான் மொழிபெயர்க்காமல், அதைத் தமிழில் என் சொல்லில் சொல்வது. கேள்வி எதுவானாலும் அவருக்குப் போக வேண்டும்.

அப்புறம் சிறை. அதை எடுத்துவிடுவது என்று இரண்டு நிமிடத்தில் முடிவு செய்தோம். ஆபத்தான இடம், தவிர்ப்போம், அவ்வளவுதான். இதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நடை: மே

மிர்தோவும் அபதெல்லிஸும். 15 பேர் வந்தார்கள். அந்த அம்மாவும் வந்தார்.

மிர்தோவில் வழிகாட்டி விளக்கிலிருந்தே தொடங்கினார். இதை எப்படி இறக்குவார்கள், யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நான்கு பேர் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். அரைமணித்தியாலம் போனது தெரியவில்லை. குடும்ப வரலாறு அதற்குள்ளேயே வந்துவிட்டது, ஏனென்றால் விளக்கைத் துடைத்தவர்களைக் கேட்டால் விளக்கை வாங்கியவர்களையும் கேட்கத்தான் வேண்டும்.

அபதெல்லிஸ் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் மத்தேயோ கார்னிலிவாரி கட்டியது. 1943 குண்டுவீச்சில் சேதமாகி, பிறகு கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா உள்ளே ஒவ்வொரு பொருளுக்கும் இடமும் வெளிச்சமும் தாங்கியும் யோசித்து அமைக்க, 1954இல் காட்சிக்கூடமாகத் திறந்தது. எங்கள் ஆட்களுக்கு ஸ்கார்ப்பாவைப் பற்றிக் கவலையில்லை. எனக்கும் அன்று அது அவசியமாகத் தெரியவில்லை. இரண்டு படைப்பு மட்டும் பார்த்தோம்.

ஒன்று "மரணத்தின் வெற்றி". 15ஆம் நூற்றாண்டில் ஸ்கிலாஃபானி அரண்மனையின் முற்றச் சுவரில் தீட்டியது. அந்த அரண்மனை அப்போது நகரின் பெரிய ஆஸ்பத்திரி. குண்டுவீச்சுக்குப் பிறகு 1944இல் சுவரிலிருந்து உரித்தெடுத்து, நான்கு துண்டாக இங்கே கொண்டுவந்தார்கள். எலும்புக்கூட்டுக் குதிரையில் எலும்புக்கூடு பாய்ந்து வருகிறது. பட்டுடுத்தவர்களும் பாப்பரசர்களும் அம்பு பட்டு விழுகிறார்கள். இடது ஓரத்தில் ஏழைகளும் முடவர்களும் கைகூப்பி நிற்கிறார்கள், எங்களையும் கொண்டுபோ என்று. குதிரை அவர்களைத் தாண்டிப் போகிறது. வயதான ஒருவர் நீண்ட நேரம் நின்றார். "கேக்கிற ஆக்களுக்குக் குடுக்குதில்லை" என்றார். வழிகாட்டிக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மற்றது அந்தோனெல்லோ தா மெசினாவின் அன்னை மரியாள், 1476ஐ ஒட்டித் தீட்டியது. 45 சென்ரிமீற்றர் உயரம், வீட்டுச் சாமிப்படம் அளவு. நீல முக்காடு, முன்னால் விரித்த புத்தகம், செய்தி சொல்ல வந்த தேவதூதர் படத்திலேயே இல்லை. வலது கை எங்களை நோக்கிக் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. அந்தக் கையைப் பற்றி அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். "பொறு, இந்த வரியை வாசிச்சு முடிக்கிறன் எண்டு சொல்லுறா" என்றார் ஒரு அக்கா. சரி, அதுவும் ஒரு விளக்கம்தான்.

நல்ல நடை என்றுதான் நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு அண்ணை மறித்தார். "முதல்தரம் வந்தவைக்குச் சிறை காட்டினனீங்கள். எங்களுக்கு ஏன் இல்லை?" நேரமில்லை என்று சமாளித்தேன். அவருக்குக் காரணம் தெரியும் என்பது அவருடைய முகத்தில் இருந்தது. அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் அந்த அம்மா தொலைபேசி எடுத்தார். "தம்பி, எனக்காகத்தானே நிப்பாட்டினனீங்கள். நான் அப்பிடிக் கேக்கேல்லையே."

மன்னிப்புக் கேட்டேன். முதல் முறை கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன், இரண்டாம் முறை கேட்காமல் வெளியே நிறுத்தினேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஊர் முழுக்க அவரைச் சுட்டிக்காட்டிவிட்டேன். முதல் நாளில் 17 பேருக்குத் தெரிந்த விஷயம் இப்போது பாதையிலேயே ஓட்டையாகத் தெரிந்தது. "என்ன செய்யலாம் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உள்ளுக்கு என்ன இருக்கெண்டு முதலே சொல்லுங்கோ. போறவை போகட்டும். போகாத ஆக்களை வாசல்ல வைச்சு ஏன் எண்டு கேக்காதேங்கோ."

மூன்றாம் நடை: ஒக்டோபர்

கோடை முழுக்க வெயில், நடக்க முடியாது. ஒக்டோபர் முதல் ஞாயிறுக்கு வைத்தோம். மூன்றாம் நடையின் திட்டம் அநேகமாக அந்தத் தொலைபேசி உரையாடல்தான்.

நடைக்கு முந்தின வியாழன் ஒரு மண்டபத்தில் முன்கூட்டம். எல்லோரும் கதிரையில். தேத்தண்ணி, வடை. நோர்மன்கள் யார், மதவிசாரணை என்றால் என்ன, குண்டு எப்போது விழுந்தது, இதெல்லாம் அங்கேயே சொல்லி முடித்தோம். ஸ்தேரி அறைகளின் படங்களைக் காட்டினோம். உள்ளே எவ்வளவு நேரம், கதவு எந்தப் பக்கம், நடுவில் வெளியே வரலாமா, என்ன மாதிரிக் கதைகள் வரும், எல்லாம் சொன்னோம். உள்ளக வழிகாட்டியோடு முன்பே கதைத்து, லா மத்தீனாவின் கதையை இரண்டு வசனத்தில் முடிக்க ஒத்துக்கொள்ள வைத்தோம். நான் கேட்ட உடனேயே அவர் சரி என்றார். மார்ச்சில் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

யார் போகிறீர்கள், கை உயர்த்துங்கள் என்று கேட்கவில்லை. நடையன்று எல்லோரையும் ஆலமரத்தடியில் இருத்தி, "இப்ப நாங்கள் உள்ளுக்குப் போறம், மற்றவை இதில இருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை ஒருவர் மரத்தடியில் இருப்பார், மரத்தைப் பற்றியும் அந்தச் சதுக்கத்தைப் பற்றியும் அவர் சொல்வார் என்பது முன்பே தெரிந்திருந்தது. வெளியே இருப்பதும் நடையின் ஒரு பகுதி என்றாகவேண்டும், தண்டனை மாதிரி இருக்கக் கூடாது.

14 பேரில் எட்டுப் பேர் எழும்பினார்கள். ஆறு பேர் இருந்தார்கள். முழங்கால் நோகிறது என்று இருந்தவரும் உண்டு, சும்மா இருந்தவரும் உண்டு. அந்த அம்மா இருந்தார்.

உள்ளே ஆசிரியர் தன் கொப்பியில் அந்த வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். வேறு கேள்விகளும் வந்தன. எழுதத் தெரியாத கைதிகள் என்ன செய்தார்கள் என்று ஒருவர் கேட்டார். வழிகாட்டி கீறல்களையும் படங்களையும் காட்டினார். இருபத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

எங்கள் கணக்கு பிழைத்த இடமும் உண்டு. இங்கேயே பிறந்த ஒரு இளைஞன், எதுவும் ஆகாது என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லாத ஆள், வெளியே வந்த பிறகு அபதெல்லிஸ் முழுவதும் ஒரு சொல் கதைக்கவில்லை. தகப்பன் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றை அந்த அறையில் ஊகித்துக்கொண்டான் என்று பல நாள் கழித்துத் தெரிந்தது. படம் காட்டி, முன்கூட்டியே சொல்லி, தெரிவும் கொடுத்து, எல்லாம் செய்த பிறகும்தான் இது நடந்தது.

மரத்தடியில் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். மரத்தைப் பற்றித் தான் தயார் செய்துகொண்டு போனதைச் சொல்ல விடவேயில்லையாம். விழுது பிடித்து ஆடினது, பேய்க்கதை, பிள்ளையார் கோயில் ஆல், யாருடைய ஊரில் எது பெரியது என்று ஆறு பேரும் கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அந்த அம்மாதான் கூடக் கதைத்தவராம்.

பின்னர்

மூன்று தாய்மார் பிறகு லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த உறவினரை மிர்தோவுக்குத் தாங்களே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் சீன அறை வாசலில் நின்று தோல் நிலத்தைப் பற்றி விளக்கம் கொடுத்து, உரிமம் இருக்கிறதா என்று மகனிடம் பகிடி வாங்கினார். வழிகாட்டி தன் இத்தாலியக் குழுக்களுக்கும் மிர்தோவை இப்போது விளக்குக் கப்பியிலிருந்து தொடங்குகிறார். அந்த அம்மா எங்களோடு இன்னும் வருகிறார். ஸ்தேரிக்குள் போகவில்லை, நானும் கேட்பதில்லை.

இனிச் செய்தால்

முன்கூட்டம் இல்லாமல் நடை இல்லை. பணம் குறைவென்றால் நடைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், அதைக் குறைக்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளருக்கு நடக்கும் மணித்தியாலத்துக்கு மட்டும் சம்பளம் கொடுக்கிற வழக்கமும் மாறவேண்டும்; வேலையின் பாதி அதற்கு முதல் கிழமையில் நடக்கிறது.

கட்டணமில்லா முதல் ஞாயிறு நாங்கள் நினைத்தது போல வசதியல்ல. அபதெல்லிஸில் அந்தச் சிறிய மரியாளின் முன்னால் நிற்க இடமில்லை, பின்வரிசைக்கு என் குரல் கேட்கவும் இல்லை. காதில் மாட்டுகிற சிறு ரேடியோக் கருவிகளை வாடகைக்கு எடுக்கவேண்டும், அல்லது வேறு ஞாயிறு பார்த்துக் கட்டணத்தைச் சங்கம் கட்டவேண்டும். நோர்மன் அரண்மனையைத் தனியாக ஒரு நாளுக்கு வைப்பது நல்லது. வெள்ளி முதல் திங்கள் வரையே அரச அறைகள் உண்டு. ஞாயிறு காலையில் போனால் பூசை நேரத்தில் தேவாலயத்துக்குள் விடமாட்டார்கள், அதையும் பார்த்துத்தான் நேரம் போடவேண்டும்.

ஆஸ்பத்திரியில் நான் இன்னும் ஒரு சொல்லையும் விடுவதில்லை. நடையில் அந்த விதி வேலைசெய்யாது என்று அடுத்து வரப்போகும் மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதே தாளில் இரண்டாவது வரி, எந்தெந்த இடத்தில் உட்கார வாங்கு இருக்கிறது என்ற பட்டியல்.